தறிக்கொட்டகைக்குச் சுவர் எழுப்புதல்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது சிறு வகுப்பிலேயே நாம் கற்ற பாடம். உடையை நெய்து உலகிற்கு அளிக்கும் ஒருவர்க்கு, அதனை நெய்தற்குரிய உறையுள் இல்லையாயின், உண்டியும் இல்லையாகும். இவ்வுண்மையைச் சென்ற கோடை விடுமுறையில் ஐயம்பேட்டையில் நேரிற் கண்டேன். அங்கே ஒரு தறிக்கொட்டகைக்கு மரச்சட்டத்தாற் சுவர் எழுப்பும் வேலையில் ஏவலாளாக நின்று யான் கற்றுக்கொண்டவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவன் தச்சுவேலையைப் பற்றி எழுதுவது சிலர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். எனினும், இருந்த இடத்திலேயே ஒரு சிறு கொட்டகையைத் தாமே அமைத்துக்கொள்ள விரும்புவார்க்கு இக்கட்டுரை ஒருவாறு பயன்படும் என நம்புகின்றேன்.

ஐயம்பேட்டை, காஞ்சிபுரத்தினின்று வாலாஜாபாத்திற்குச் செல்லும் வழியில் உள்ளது. விடியற்காலையில் அங்கே செல்வோர், தெருவின் நீளத்திற்குப் பாவு விரித்து, ஆடவரும் பெண்டிரும் இருமருங்கும் நின்று இழைகளைச் சீர்செய்வதைக் காணலாம். காஞ்சிபுரம் பட்டிற்கு 2005-2006ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் அப்பட்டின் பெயரைக் காக்கச் சட்டம் உண்டு. நெய்பவர் தம் தலைமேலுள்ள கூரையை மாத்திரம் அவரே காத்துக்கொள்ள வேண்டும்.

என் தாயாரின் பிறந்தகம் அவ்வூரில் உள்ளது. அதற்கு அடுத்த வீட்டு நெசவாளர் அறுபது கடந்த முதியவர். அவருடைய தறிக்கொட்டகை வீட்டின் புறக்கடையில் நின்றது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா என்னும் புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, அக்கொட்டகையின் கூரை பறந்தது. சுவர் மேற்கே சாய்ந்தது. அப்பொழுது யான் சிறுவன். சாய்ந்த சுவருக்கு வெளியே ஒரு சவுக்குக்கழியை முட்டுக்கொடுத்து, மேலே புதுக்கீற்று வேய்ந்து, மீண்டும் நெய்யத் தொடங்கினார். அந்த முட்டுக்கழி ஆண்டுதோறும் மாற்றப்பெற்றதேயன்றிச் சுவர் நிமிரவில்லை. சென்ற ஆண்டு யான் சென்றபொழுது, கழியின் அடியும் சுவர்க்கால்களின் அடியும் கறையானால் அரிக்கப்பட்டு, கொட்டகை இன்றோ நாளையோ என்று நின்றது. தறியில் மூன்று சேலைக்குரிய பாவு ஏறியிருந்தது. சுவர் விழுமாயின் பாவு முழுவதும் பாழாகும். அதனால் நெசவை நிறுத்தி, பாவைச் சுருட்டித் துணியாற் பொதிந்து வைத்திருந்தார்.

செங்கற் கட்டடம் கட்ட ஒருவர் சொன்ன தொகை, அவர் குடும்பத்தின் ஓராண்டு வருவாயினும் மிகுதியாயிற்று. அவருடைய மகனோ, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஏதேனும் ஒன்றிற் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். "தறி ஒரு மழைக்காலம் நின்றால், அப்புறம் நின்றதுதான், தம்பி" என்று முதியவர் என்னிடம் சொன்னார். ஆகவே மழைக்கு முன் கொட்டகை எழவேண்டும்; கைப்பொருளுக்குள் எழவேண்டும்; தாமே எழுப்பவேண்டும். இம்மூன்று நிபந்தனைகளோடு மரச்சட்டச் சுவர் என்னும் முடிவிற்கு வந்தோம். தச்சர் ஒருவர் இரண்டு நாள் வந்து வழிகாட்ட இசைந்தார். எஞ்சிய வேலைக்கு முதியவரும் அவர் மகனும் அவருடைய மருமகனும் யானுமாக நால்வர்.

மரச்சட்டச் சுவர் என்பது யாது?

மண்சுவரும் செங்கற்சுவரும் தம் கனத்தால் நிற்பவை. நம் நாட்டுப் பழைய வீடுகளின் மரத்தூண்களும் உத்தரங்களும் பருத்தவை. துளையும் கழுந்துமாகச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவை. அவ்வேலைக்குத் தேர்ந்த தச்சர் பலர் வேண்டும். மரச்சட்டச் சுவர் இவ்விரண்டினும் வேறுபட்டது. 2 அங்குலக் கனமும் 4 அங்குல அகலமும் உள்ள மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, மேலும் கீழும் படுக்கைச் சட்டங்களைச் சேர்த்து, ஆணியால் இணைத்துவிட்டால் அதுவே சுவரின் எலும்புக்கூடாகும். அதன்மேற் பலகையோ தகரமோ தட்டியோ போர்த்திக்கொள்ளலாம்.

இம்முறை அமெரிக்காவில் 1830ஆம் ஆண்டுகளில் சிக்காகோ நகர்ப் பக்கத்தில் பெருவழக்காயிற்று. மரமறுக்கும் ஆலைகளும், இயந்திரத்தால் மலிவாகச் செய்யப்பட்ட ஆணிகளும் வந்தபின், பெருந்தூண்களும் கழுந்து வேலையும் இன்றியே வீடு கட்டலாம் என்று கண்டனர். ஒரு சுத்தியலும் ஒரு வாளும் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யத்தக்க வேலை இது. தனித்தனியே பார்த்தால் ஒரு சட்டம் எளிதில் வளையும். பல சேர்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது வளையா. ஓர் இழை எளிதில் அறும், ஆயிரம் இழை கூடிய பாவு அறாது என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

மனை வகுத்தல்

கொட்டகையின் அளவு நீளம் 16 அடி, அகலம் 12 அடி எனக் கொண்டோம். குழித்தறி ஒன்றிற்கும், கோர்வைக்கரை நெய்யும்போது துணையாள் இருந்து நாடா வாங்குவதற்கும், பாவு நூல் வைப்பதற்கும் இது போதும். இவ்வளவிற்கு மற்றொரு நன்மையும் உண்டு. 3, 4, 5 என்னும் அளவுள்ள முக்கோணத்தில் சிறு பக்கங்கள் இரண்டும் செங்கோணத்திற் கூடும் என்பது யாவரும் அறிந்தது. அவற்றை நான்கால் பெருக்கினால் 12, 16, 20 ஆகும். ஆகவே, 12 அடிக் கயிறும் 16 அடிக் கயிறும் கூடும் மூலைக்கு எதிரே குறுக்களவு சரியாக 20 அடி இருக்குமாயின் அம்மூலை நேரானது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாயிருந்து, இரண்டு குறுக்களவுகளும் 20 அடியாயின் நான்கு மூலைகளும் நேரானவை. நெடுநல்வாடையில் அரண்மனை வகுத்ததைக் கூறுமிடத்து, நூலறிந்தோர் நுட்பமாகக் கயிறு பிடித்து மனை வகுத்த செய்தி வருகின்றது. வகுப்பறையிற் பொருள் எழுதிப் படித்த அவ்வடிகள் எனக்கு நன்கு விளங்கியது, முளையடித்துக் கயிறு பிடித்த அன்றுதான்.

அடுத்தது அடித்தளம். பழைய கொட்டகையின் கால்கள் மண்ணிற் புதைக்கப்பட்டிருந்தன. அவை கெட்டது அதனாலேயே. மரத்திற்குப் பகை ஈரமும் கறையானும். இரண்டும் மண்வழியே வருவன. ஆதலின், சுற்றிலும் செங்கல்லால் தெருமட்டத்தினின்று ஒன்றரை அடி உயரத்திற்கு அடிச்சுவர் கட்டினோம். குழித்தறிக்கு இவ்வுயரம் மிகவும் வேண்டற்பாலது. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் மிதிகளும் நெசவாளர் கால்களும் நீரில் நிற்கும். அடிச்சுவரின் மேற்பூச்சு காய்வதற்கு முன், இரும்புத் திருகாணிகளைத் தலைகீழாக நான்கடிக்கு ஒன்றாகவும், ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஓரடிக்குள் ஒன்றாகவும் பதித்தோம். சுவரின் அடிச்சட்டத்தைத் துளையிட்டு இவற்றில் மாட்டித் திருகிவிட்டால், காற்று கொட்டகையைத் தூக்கிச் செல்லாது. அடிச்சட்டத்திற்கும் பூச்சிற்கும் இடையே தார்த்தாள் ஒன்றை விரித்தல் வேண்டும். ஈரம் மரத்தில் ஏறாமல் அது தடுக்கும்.

சுவரைப் படுக்கவைத்துச் செய்தல்

மரம் பழைய மரக்கடையில் வாங்கியது. இடித்த வீடுகளின் மரமாதலின் நன்றாய் உலர்ந்திருந்தது. புதுமரம் மலிவாயினும் உலரும்போது முறுக்கிக்கொள்ளும். பழைய மரத்தில் ஆணியடிக்கும்போது பிளவு காணுமாதலின், ஆணியினும் சிறிய துளையை முதலில் இட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் இணைப்பிற்கும் 4 அங்குல ஆணி இரண்டு. ஓராணி மட்டும் அடித்தால் சட்டம் அதனைச் சுற்றித் திரும்பும்.

சுவரின் முழு உயரம் 8 அடி, அதாவது 96 அங்குலம். அதில் அடிச்சட்டம் 2 அங்குலம். மேற்சட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, 4 அங்குலம். எஞ்சிய 90 அங்குலமே ஒவ்வொரு காலின் நீளம். இவற்றையெல்லாம் ஒரே அளவாக அறுத்தல் வேண்டும். முதலில் ஒரு காலைத் திருத்தமாக அறுத்து, அதன்மேல் குறியிட்டு, எல்லாவற்றையும் அதனையே வைத்து அளத்தல் நலம். இரண்டாவதை வைத்து மூன்றாவதையும், மூன்றாவதை வைத்து நான்காவதையும் அளந்தால், நூலளவு பிழை வளர்ந்து அங்குலமாகிவிடும்.

கால்களுக்கு இடையே உள்ள தூரம், நடுவிலிருந்து நடுவிற்கு 16 அங்குலம். இது வீணே வைத்த கணக்கன்று. கடையில் கிடைக்கும் சிமெண்டு நார்ப்பலகை 4 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ளது. 4 அடி என்பது 48 அங்குலம். அதாவது மூன்று இடைவெளி. ஆகவே ஒவ்வொரு பலகையின் விளிம்பும் ஒரு காலின் நடுவில் வந்து முடியும். அடுத்த பலகை அக்காலின் மறுபாதியிலிருந்து தொடங்கும். இதற்கு, சுவரின் வெளி விளிம்பிலிருந்து 16 அங்குலத்தில் இரண்டாவது காலின் நடு அமையுமாறு குறியிடவேண்டும். 16 அடிச் சுவரில் 12 இடைவெளியும் 13 கால்களும் வரும். போர்த்துவதற்கு நான்கு பலகை சரியாகப் போதும். அகலச் சுவர்கள் நீளச் சுவர்களின் இடையே அமைவதால், இருபுறமும் 4 அங்குலம் நீக்கி 11 அடி 4 அங்குலமாகச் செய்தல் வேண்டும். இதை மறந்து 12 அடியாகவே அறுத்துவிட்டு விழிப்பவர் பலர் என்று தச்சர் சிரித்தார்.

அடிச்சட்டத்தையும் முதல் மேற்சட்டத்தையும் பக்கத்திற் பக்கமாக வைத்து, ஒரே முறையில் இரண்டிலும் குறியிட்டோம். பின்னர் இரண்டையும் பிரித்துத் தரையிற் கிடத்தி, இடையே கால்களை வைத்து, வெளியிலிருந்து சட்டத்தின் ஊடாகக் காலின் தலையில் ஆணியடித்தோம். சுவரைத் தரையிலே முடித்துப் பின் தூக்கி நிறுத்துவதே இம்முறையின் எளிமை.

வாயிலும் சன்னலும்

சுவரில் ஒரு வழி திறக்கவேண்டுமாயின் இடையிலுள்ள கால்களை நீக்கவேண்டும். அக்கால்கள் தாங்கியிருந்த கூரைப் பாரத்தை யார் தாங்குவது? இக்கேள்விக்கு விடை கூறாமல் வைத்த சன்னலின் மேற்புறம் சில ஆண்டுகளில் தொய்ந்து, கதவு திறக்கவும் மூடவும் வாராது. பாரம் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறும் நீர்க்குடம் போன்றது. எங்கும் இடைவிடாமல் நிலம் வரையில் சென்று சேரவேண்டும். ஆகவே, திறப்பின்மேல் ஓர் உத்தரம் வைத்து, அதன் இரு முனைகளையும் இரண்டு துணைக்கால்களின் தலையில் அமர்த்தி, அத்துணைக்கால்களை முழுக்கால்களோடு சேர்த்து ஆணியடித்தல் வேண்டும். உத்தரத்தின் பாரம் ஆணியில் தொங்காமல் துணைக்காலின் தலையில் இருக்கவேண்டும் என்பதே இதன் கருத்து.

உத்தரத்தை எவ்வாறு வைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 2 அங்குலத்திற்கு 6 அங்குலமுள்ள ஒரு சட்டத்தைப் படுக்கையாக வைப்பதினும், விளிம்பு மேலாக நிறுத்தி வைத்தால், அது மூன்று மடங்கு பாரம் தாங்கும். வளைவதில் ஒன்பது மடங்கு உறுதி காட்டும். மரமும் விலையும் ஒன்றே. வைக்கும் முறையில்தான் இத்தனை வேறுபாடு. நாங்கள் இவ்வாறு நிறுத்திய இரண்டு சட்டங்களைச் சேர்த்து ஆணியடித்து உத்தரமாக்கினோம்.

சன்னலை நீளச் சுவரின் நடுவில், நெசவாளர் குழிக்கரையில் அமர்ந்திருக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் வந்து அச்சினருகே நெய்துகொண்டிருக்கும் துணியில் விழுமாறு, தாழ்வாக வைத்தோம். குழித்தறியில் நெய்பவரின் கண் தரையிலிருந்து உயரத்தில் இராது. மற்ற வீடுகளைப்போல் உயரத்தில் சன்னல் வைத்தால், ஒளி துணியின்மேல் விழாமல் எதிர்ச்சுவரில் விழும்.

யான் செய்த பிழை

இனி, இக்கட்டுரையின் தலைமையான செய்திக்கு வருகின்றேன். முதற் சுவரை முடித்தபொழுது மாலையாகிவிட்டது. தச்சர் மறுநாள் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். "இத்தனை ஆணி அடித்திருக்கிறோம், நிமிர்த்திவிடலாம்" என்று சொன்னவன் யானே. முதியவர் தயங்கினார், இளைஞர் மூவரும் அவசரப்பட்டோம். நால்வரும் தூக்கி நிறுத்தி, திருகாணிகளை மாட்டி, உட்புறமும் வெளிப்புறமும் விழாதபடி இரண்டு கழிகளை முட்டுக்கொடுத்து, நிறைந்த மனத்தோடு உறங்கச் சென்றோம். இரவில் கோடைக்காற்று ஒரு நாழிகை வீசிற்று. காலையிற் பார்த்தால், சுவர் உட்புறமாகவும் விழவில்லை, வெளிப்புறமாகவும் விழவில்லை. தன் நீளத்தின் வழியே, சீட்டுக்கட்டு சரிந்தாற்போல, மேற்புறம் முழுவதும் ஒரு சாண் அளவு ஒருபக்கமாய்ச் சாய்ந்திருந்தது! ஆணி ஒன்றும் பிடுங்கிக்கொள்ளவில்லை. கால் ஒன்றும் முறியவில்லை. நேரான கட்டம் சாய்ந்த கட்டமாயிற்று, அவ்வளவே. பழைய கொட்டகை சாய்ந்திருந்ததும் இதே வகையில்தான்.

யான் நாணி நின்றேன். முதியவர் வைதாரல்லர். தோளில் இருந்த துண்டை எடுத்து, அதன் இரண்டு விளிம்புகளைப் பாவின் வழியே பிடித்து இழுக்கச் சொன்னார். துண்டு நீளவில்லை. ஊடையின் வழியே இழுக்கச் சொன்னார். அப்பொழுதும் நீளவில்லை. பின்பு எதிர்மூலைகள் இரண்டைப் பிடித்து இழுக்கச் சொன்னார். துண்டு இழுத்த பக்கம் நீண்டு, குறுக்கே சுருங்கிற்று. "பாவுக்கும் ஊடைக்கும் பலம் உண்டு, தம்பி. மூலைவாட்டுக்குப் பலம் இல்லை. உங்கள் சுவரிலும் பாவு இருக்கிறது, ஊடை இருக்கிறது. மூலைக்கு என்ன வைத்தீர்கள்?" என்றார்.

கணிதநூலார் இதனையே வேறு சொற்களால் கூறுவர். நான்கு கோல்களை முனையில் இணைத்த நாற்கோணம், கோல்களின் அளவு மாறாமலே சாயும். மூன்று கோல்களை இணைத்த முக்கோணம், கோல் ஒன்று முறிந்தாலன்றி வடிவு மாறாது. ஆதலின், நாற்கோணமாகிய சுவரில் மூலைவாட்டாக ஒரு சாய்சட்டம் வைத்து முக்கோணமாக்கிவிட்டால் அது சாயாது. சட்டத்தின் கனத்தை இரட்டித்தாலும், ஆணிகளை மும்மடங்காக்கினாலும் கிடைக்காத உறுதி, இந்த ஒரு மெல்லிய பலகையாற் கிடைக்கின்றது.

அன்று சுவரை மீண்டும் இறக்கித் தரையிற் கிடத்தினோம். இரண்டு குறுக்களவுகளையும் அளந்து, நீண்ட பக்கத்தின் மூலையை மெல்லத் தட்டி, இரண்டும் சமமாகும்வரை சரிசெய்தோம். பின்பு ஓரங்குலக் கனமும் 4 அங்குல அகலமும் உள்ள பலகையை, கீழ்மூலையிலிருந்து நான்கு இடைவெளி கடந்து மேற்சட்டத்தைத் தொடுமாறு சாய்வாக வைத்தோம். அது கடக்கும் ஒவ்வொரு காலிலும் ஓரங்குல ஆழம் வெட்டி, அதனுள்ளே பதித்து, ஒவ்வொரு காலிலும் இரண்டாணி அடித்தோம். நான்கு இடைவெளி 64 அங்குலம். உயரம் 96 அங்குலம். ஆகவே பலகையின் நீளம் ஏறத்தாழ 9 அடி 7 அங்குலம். இதேபோல் மறுகோடியிலும் எதிர்ச்சாய்வாக ஒன்று. காற்று இப்புறம் தள்ளினால் ஒரு பலகை அழுத்தம் பெறும், மற்றொன்று இழுப்புப் பெறும். அப்புறம் தள்ளினால் அவை முறை மாறும். பன்னிரண்டு இடைவெளியில் இருபுறமும் நான்கு நான்கு போக, நடுவில் எஞ்சிய நான்கில் சன்னல் அமைந்துவிட்டது. நாற்புறச் சுவர்களிலும் இவ்வாறே செய்தோம். ஒரு திசைச் சுவர்களுக்கு மட்டும் சாய்சட்டம் வைத்தால், மற்றத் திசைச் சுவர்கள் சாயும் என்பதை மறத்தலாகாது.

ஆணியடித்த பலகைப் போர்வையும் மூலைவாட்டிற்குச் சிறிது உறுதி தரும். ஆனால் கீற்றுத்தட்டி போர்த்துவோர் அதனை நம்பியிருத்தல் கூடாது. கீற்று காற்றை மறைக்குமேயன்றிச் சட்டத்தைப் பிடித்து நிறுத்தாது.

காற்றின் வலி

இவ்வளவு எச்சரிக்கை ஒரு சிறு கொட்டகைக்கு வேண்டுமோ என்று ஐயுறுவார்க்கு ஒரு கணக்குச் சொல்வேன். இந்தியத் தர நிறுவனத்தின் காற்றுச்சுமை விதிநூல் சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 50 மீட்டர். அவ்வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தம் உண்டாகும். எங்கள் 16 அடிச் சுவரின் பரப்பு ஏறத்தாழ 12 சதுர மீட்டர். அப்படியாயின், அதன்மேல் 1,800 கிலோகிராம் எடை சாய்ந்தாற்போலாகும். வேகம் பாதியானால் விசை பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். புயல்காற்று ஒரு சுவரைத் தள்ளுவதோடு நில்லாது, கூரையை மேனோக்கியும் தூக்கும். ஆதலின் கைமரத்தை மேற்சட்டத்தோடும், மேற்சட்டத்தைக் காலோடும், காலை அடிச்சட்டத்தோடும் இரும்புப் பட்டைகளாற் பிணித்தோம். கூரையிலிருந்து அடித்தளம் வரை ஓரிடத்திற் பிணிப்பு விட்டுப்போனாலும், காற்று அவ்விடத்தைத் தேடிக்கண்டுபிடிக்கும்.

காஷ்மீரத்தில் 'தஜ்ஜி தேவாரி' என்னும் பழைய சுவர் ஒன்று உண்டு. மரச்சட்டங்களை நேராகவும் குறுக்காகவும் சாய்வாகவும் இணைத்து, இடையே உள்ள சிறு கட்டங்களைக் கல்லும் மண்ணும் கொண்டு நிரப்புவர். 2005ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் நேர்ந்த பெரிய நிலநடுக்கத்தில், கனத்த கற்சுவர் வீடுகள் பல வீழ்ந்த இடங்களில் இச்சுவர் வீடுகள் பல நிலைத்து நின்றன. அப்பெயருக்கு ஒட்டுத்துணிச் சுவர் என்று பொருள் கூறுகின்றனர். வடகோடியில் உள்ளாரும் சுவருக்குத் துணியின் பெயரிட்டதைப் படித்தபோது, எங்கள் முதியவரின் துண்டு என் நினைவிற்கு வந்தது.

நிமிர்த்தலும் முடித்தலும்

சாய்சட்டம் பதித்த சுவரை நால்வரும் ஒருசேரத் தூக்கினோம். மேற்சட்டத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் காலுக்கும் உள்ள தூரம் மேலும் கீழும் ஒத்திருக்கும்படி நிறுத்தி, தற்காலிகக் கழிகளால் முட்டுக்கொடுத்தோம். நான்கு சுவரும் எழுந்தபின், மூலைகளில் கால்களைச் சேர்த்து ஆணியடித்தோம். இரண்டாவது மேற்சட்டத்தை, நீளச் சுவரின் சட்டம் முடியும் இடத்தில் அகலச் சுவரின் சட்டம் அதன்மேல் ஏறிப் படியுமாறு வைத்தோம். இருகை விரல்களைக் கோத்தாற்போன்ற இப்பிணிப்பே நான்கு தனிச்சுவர்களை ஒரு கொட்டகையாக்குகின்றது. மேலே பனங்கைமரம், அதன்மேல் தகரம், வெயில் தாக்காதிருக்கத் தகரத்தின்மேல் கீற்று. கொட்டகையினுள் வெப்பம் மிகுந்தால் பட்டிழை உலர்ந்து அறுமாதலின், கீற்று தறிக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஜக்கார்டு பெட்டி முதலியவற்றைத் தாங்கும் மரங்களைச் சுவர்ச்சட்டத்தோடு பிணித்தலாகாது. ஊடை ஒவ்வொன்றையும் அச்சு அடித்துச் சேர்க்கும்போது தறி அதிரும். ஒரு நாளில் அவ்வதிர்ச்சி பல்லாயிரம் முறை நிகழும். சுவர் அதனைத் தாங்கினால் ஆணிகள் தளரும். "தறிக்கால் வேறு, சுவர்க்கால் வேறு" என்பது முதியவர் வாக்கு. தறியின் கால்களைத் தனியே நிலத்தில் ஊன்றினோம்.

வேலை முடியப் பதினெட்டு நாள் ஆயிற்று. பொதிந்து வைத்திருந்த பாவு மீண்டும் தறியேறியது. யான் கல்லூரிக்குத் திரும்பியபின், வடகிழக்குப் பருவமழையில் காற்றும் மழையுமாக இரண்டு நாள் இருந்ததென்றும், குழியில் நீர் ஊறவில்லை என்றும், தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்ததில் சுவர் நூலளவும் சாயவில்லை என்றும் முதியவர் தொலைபேசியிற் சொன்னார். மகன் இன்னும் தறியிலேயே இருக்கின்றார். அடுத்த ஆண்டும் இருப்பாரோ என்பது கூலியையும் பட்டின் விலையையும் பொறுத்தது. சுவர் அதற்கு விடை கூறாது. ஆயினும், கொட்டகை இல்லாமையால் ஒரு தறி நின்றது என்ற பழி ஒழிந்தது.

கொட்டகை கட்ட எண்ணும் அன்பர்கள் இக்கட்டுரையில் வேறெதனை மறப்பினும், ஒன்றை மாத்திரம் மறவாதிருப்பாராக. சுவரை நிமிர்த்துவதற்கு முன், தோளிலுள்ள துண்டை எடுத்து ஒருமுறை மூலைவாட்டில் இழுத்துப் பார்க்க.